உங்களுக்குப் பொருந்தும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகம் தேட ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். மேலிருந்து பத்து பெயர்களை எடுத்துக்கொண்டு, இதில் எது கிடைக்கும் என்று பார்ப்பார்கள். இந்த வழிகாட்டியில் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் மாணவர், அப்புறம் படிப்பு, அப்புறம் துறை, கடைசியில் பல்கலைக்கழகத்தின் பெயர்.

சான்றிதழில் அந்தப் பெயர் ஒரு வரி. நீங்கள் அங்கே வாழப்போவதோ மூன்று நான்கு வருடங்கள். அவற்றில் விழா நாட்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் சாதாரண நாட்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எங்கே எழுவீர்கள், எத்தனை பேர் உள்ள வகுப்பில் உட்காருவீர்கள், புரியாததை யாரிடம் கேட்பீர்கள், மாலையில் யாருடன் இருப்பீர்கள்? ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத முடிகிற அளவுக்குத் தெரிந்துகொள்வதுதான் கீழே உள்ள படிகளின் நோக்கம்.

முதல் படி: எந்த இணையதளத்தையும் திறக்காமல் ஒரு காகிதம்

காகிதத்தில் மூன்று பகுதிகள் போடுங்கள். இல்லாமல் முடியாதவை, இருந்தால் நல்லவை, இருந்தாலும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை.

"இல்லாமல் முடியாதவை" பகுதியில் ஐந்துக்கு மேல் எழுதாதீர்கள். குடும்பத்தால் தாங்க முடிகிற செலவு, உடல்நலத் தேவை, பயிற்றுமொழி, மாற்றுத்திறனாளி என்றால் தேவையான வசதிகள், நீங்கள் போக நினைக்கும் தொழிலுக்கான அங்கீகாரம் போன்றவைதான் இங்கே வரவேண்டும். "பெரிய நகரமாக இருக்கணும்" என்பது பெரும்பாலும் இரண்டாவது பகுதிக்குரியது. ஐந்து என்று எல்லை வைத்தால்தான் எது உண்மையில் முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

விருப்பம் என்னவென்றே தெரியவில்லை என்று பலர் சொல்வார்கள். நீங்களும் அப்படியென்றால் உங்கள் கடந்த இரண்டு வருடப் படிப்பை நினைத்துப் பாருங்கள். நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது? அதைத் தனியாகச் செய்தீர்களா, குழுவாகவா? எழுதினீர்களா, கணக்குப் போட்டீர்களா, கையால் ஏதாவது செய்தீர்களா? எந்த ஆசிரியரிடம் நன்றாகப் படித்தீர்கள், அவர் எப்படி நடத்தினார்? "எனக்குச் சிறிய வகுப்புகள் பிடிக்கும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, "நாற்பது பேர் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை" என்று நடந்ததை எழுதினால் அது பல மடங்கு உதவும்.

இரண்டாம் படி: எந்தப் பாடம் என்று முடிவாகிவிட்டதா?

இதற்கான பதில் உங்கள் பட்டியலையே மாற்றிவிடும். ஏனென்றால் கல்வி அமைப்புகள் இதில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன.

இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும்போதே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளநிலைப் பட்டம் பொதுவாக மூன்று வருடம், முதல் நாளிலிருந்தே அந்தப் பாடம்தான். பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் ஹானர்ஸ் எனப்படும் இளநிலைப் பட்டம் நான்கு வருடம், தொடக்க வருடங்களில் வேறு பாடங்களையும் சேர்த்துப் படிக்க இடமுண்டு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முடிவு வரை அறிவிக்காமல் இருக்க விடுகின்றன. ஆனால் அங்கேயும் பொறியியல், கணினி அறிவியல் போன்ற கூட்டம் மிகுந்த துறைகளுக்குத் தனி அட்மிஷன் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. "உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பாதீர்கள். துறை மாறும் விதி என்ன, எத்தனை மதிப்பெண் வேண்டும், போன வருடம் கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பாடம் முடிவாகாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் வகுப்புப் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கும் திட்டத்தை 2001இல் அறிவித்தது. இப்போது இன்னும் பல பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளும் அப்படிக் கிடைக்கின்றன. நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு பாடத்திலும் முதலாமாண்டு விரிவுரை நான்கைப் பார்த்து, அதற்கான பயிற்சிக் கணக்குகளையோ கட்டுரையையோ நிஜமாகவே செய்து பாருங்கள். விரிவுரையைக் கேட்பது எல்லோருக்கும் பிடித்துப்போகும். பயிற்சியைச் செய்யும்போதுதான் அந்தப் பாடம் உங்களுடையதா என்று தெரியும்.

மூன்றாம் படி: எப்படிக் கற்றுத்தருகிறார்கள்

ஒரே பாடம், ஒரே பட்டம் என்றாலும் தினசரி அனுபவம் இடத்துக்கு இடம் முழுக்க வேறாக இருக்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் விரிவுரைகளோடு சேர்த்து, இரண்டு மூன்று மாணவர்கள் மட்டும் ஓர் ஆசிரியருடன் உட்கார்ந்து, எழுதிக் கொண்டுவந்ததைப் பற்றி விவாதிக்கும் ட்யூட்டோரியல் முறை இருக்கிறது. அங்கே படிக்காமல் வந்து ஒளிந்துகொள்ள முடியாது. சிலருக்கு அது வரம், சிலருக்கு ஒவ்வொரு வாரமும் பதற்றம். கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரி 1960களின் இறுதியில், ஒரு நோயாளியின் பிரச்சினையைச் சிறு குழுவிடம் கொடுத்து அதிலிருந்து பாடத்தைக் கற்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் அதை மற்றத் துறைகளுக்கும் எடுத்துச் சென்றது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதிலிருந்தே, சில மாதம் படிப்பு, சில மாதம் சம்பளத்துடன் வேலை என்று மாறி மாறி வரும் கோ-ஆப் முறையை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம்தான். மூன்றரை வாரம் அதை மட்டும் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. நான்கு பாடங்களை ஒரே நேரத்தில் கையாளும்போது திணறுகிறவர் நீங்கள் என்றால் கடைசியாகச் சொன்ன முறை உங்களுக்கு ஏற்றது. ஒரு விஷயம் மனதில் ஊற நாளாகும் என்றால் அதே முறை உங்களை மூச்சுவாங்க வைக்கும்.

மதிப்பெண் எப்படி வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வருடக் கடைசியில் ஒரே பெரிய தேர்வா, வாராவாரம் ஒப்படைப்புகளா, வாய்மொழித் தேர்வா? தேர்வறையில் கை நடுங்குகிறவர், முழு மதிப்பெண்ணும் ஒரே தேர்வில் தொங்கும் படிப்பில் சேர்ந்தால் எவ்வளவு உழைத்தாலும் அது மதிப்பெண்ணில் தெரியாமல் போகலாம். ஐரோப்பிய நாடுகளில் ஈ.சி.டி.எஸ். என்ற கிரெடிட் கணக்கு இருக்கிறது. ஒரு முழு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. அதாவது வருடத்துக்கு 1500 முதல் 1800 மணிநேரம். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: தரவரிசையைப் பிரித்துப் பாருங்கள்

தரவரிசையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ஷாங்காய் தரவரிசை 2003இல் தொடங்கியது. அதில் 30 சதவீதம் நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்களின் கணக்கு. மீதியில் பெரும்பகுதி ஆராய்ச்சிக் கட்டுரைகளும், அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதும். வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள் என்பதை நேரடியாக அளக்கும் ஒரு அம்சம்கூட அதில் இல்லை. இன்னொரு உலகத் தரவரிசையான கியூ.எஸ்.இல் நீண்ட காலம் 40 சதவீதம், கல்வியாளர்களிடம் எடுக்கும் நற்பெயர்க் கருத்துக்கணிப்புக்குப் போனது. 2024 பதிப்பில் அதை 30ஆகக் குறைத்தார்கள். அதே பதிப்பில் ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கான பங்கும் 20இலிருந்து 10ஆகக் குறைந்தது. அளக்கும் முறை மாறினாலே ஒரு பல்கலைக்கழகத்தின் இடம் ஏறி இறங்கும், உள்ளே வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது.

பல்கலைக்கழகங்களே கொடுக்கும் எண்களிலும் சிக்கல் வரும். 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் தரவரிசைக்குத் தன் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த விவரங்களை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு சில எண்கள் தவறான முறையில் கணக்கிடப்பட்டவை என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. 2ஆம் இடத்தில் இருந்தது அந்த ஆண்டு 18க்கு இறங்கியது. இதனால் அது மோசமான இடம் ஆகிவிடவில்லை. முதல் வருடம் 2ஆம் இடத்தைப் பார்த்துச் சேர்ந்தவரும் அடுத்த வருடம் 18ஆம் இடத்தைப் பார்த்து விலகியவரும் பார்த்தது ஒரே வகுப்பறையைத்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மொத்தத் தரவரிசையை விட்டுவிட்டு உங்கள் பாடத்துக்கான தரவரிசையைப் பாருங்கள். கேள்விப்படாத பெயர்களைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துங்கள். 30ஆம் இடமா 45ஆம் இடமா என்று அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு ஆராய்ச்சி எண்கள் கொஞ்சம் பொருள் உள்ளவை. முதல் பட்டம் முடித்து வேலைக்குப் போகிறவருக்கு அவை மிகக் குறைவாகவே சொல்கின்றன.

ஐந்தாம் படி: துறைக்குள் நுழைந்து தேடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் சேர்ந்த இடத்தின் பாடப் பட்டியலில் நான் மிகவும் விரும்பிய ஒரு விருப்பப் பாடம் இருந்தது. அதற்காகவே சேர்ந்தேன். நான் படித்த வருடங்களில் அது ஒருமுறைகூட நடத்தப்படவில்லை. அதை நடத்திய பேராசிரியர் நான் வருவதற்கு முன்பே வேறு இடம் போய்விட்டார். பட்டியலிலிருந்து மட்டும் யாரும் அதை எடுக்கவில்லை. அந்த ஏமாற்றம் ரொம்ப நாள் இருந்தது. இன்னொருவருக்கு அது நடக்கக்கூடாது என்று நினைப்பதால்தான் இந்தப் படியை நீட்டி எழுதுகிறேன்.

பாடப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. கடந்த இரண்டு வருட வகுப்பு அட்டவணையைத் தேடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அதை வெளியே பார்க்கும்படி வைத்திருக்கின்றன, இல்லையென்றால் துறை அலுவலகத்திடம் கேளுங்கள். உங்களை ஈர்த்த பாடங்கள் உண்மையில் நடந்தனவா? எத்தனை இடங்கள் இருந்தன? மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலில் பதிவுசெய்து முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கா?

அடுத்து ஆசிரியர் பக்கங்கள். உங்களுக்கு ஆர்வமுள்ள பகுதியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரே ஒருவர் என்றால் கவனம், அவர் விடுப்பில் போனாலே அந்தப் பகுதி மூடிவிடும். மூன்று பேர் இருந்தால் நிம்மதி. முதலாமாண்டு வகுப்புகளை நடத்துவது யார் என்றும் பாருங்கள். பெயர் பெற்ற பேராசிரியர்கள் ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் நேரம் கொடுத்து, முதலாமாண்டை ஒப்பந்த ஆசிரியர்கள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அந்த ஆசிரியர்கள் மிக நன்றாகவே நடத்தலாம். ஆனால் நீங்கள் யாரை நம்பிப் போகிறீர்களோ அவரை நான்காம் வருடம்தான் பார்ப்பீர்கள் என்றால் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாண்டு மாணவர்களின் திட்டப்பணித் தலைப்புகள் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். ஒரு துறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட அதன் மாணவர்கள் என்ன செய்து முடித்தார்கள் என்பது அதிகம் சொல்லும். தலைப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றனவா, ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்றைப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆறாம் படி: அங்கீகாரம்

மருத்துவம், சட்டம், பொறியியல், செவிலியம், கட்டடக்கலை, ஆசிரியப் பணி என்று உரிமம் தேவைப்படும் தொழில் எதுவாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பல இடங்களில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு அங்கீகாரம், அதற்குள் இருக்கும் படிப்புக்குத் தனி அங்கீகாரம். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பதால் உங்கள் படிப்பும் பெற்றிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொறியியலில் 1989இல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தம் ஒரு நல்ல உதாரணம். அதில் சேர்ந்த நாடுகளின் அங்கீகார அமைப்புகள், தாங்கள் அங்கீகரித்த பொறியியல் படிப்புகளைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்கின்றன. அங்கேயும் கணக்கில் வருவது படிப்புதான், கல்லூரியின் பெயர் இல்லை.

நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்ய நினைக்கிறீர்களோ அந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் நேரடியாகத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கமோ முகவரோ சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் இன்று அங்கீகாரம் இல்லை என்றுதான் பொருள்.

ஏழாம் படி: பணம், முழுப் படிப்புக்கும்

முதல் வருடக் கட்டணத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். கடைசி வருடம் வரை கணக்கிடுங்கள். கட்டணம் வருடாவருடம் உயருமா, சேர்ந்தபோது இருந்ததே தொடருமா? விடுதி முதல் வருடத்துக்கு மட்டுமா? அப்படியென்றால் இரண்டாம் வருட வாடகை எவ்வளவு? ஆய்வகக் கட்டணம், காப்பீடு, போக்குவரத்து, விடுமுறைக்கு வீடு போய் வரும் செலவு எல்லாம் சேரட்டும்.

உதவித்தொகை என்றால் நிபந்தனையைப் படியுங்கள். அடுத்த வருடமும் தொடர எத்தனை மதிப்பெண் வேண்டும், ஒரு செமஸ்டர் சறுக்கினால் மறுபடி கிடைக்குமா, நின்றுபோனால் மீதிக் கட்டணத்தை யார் கட்டுவது? இதைப் பெற்றோரும் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மறைக்காமல் பேச வேண்டும்.

வேலைவாய்ப்பு எண்களை எப்படிப் படிப்பது

"எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு வேலை" என்று ஒரு வரி இருக்கும். எதில் 90 என்று கேளுங்கள். 100 பேர் படித்து முடித்தார்கள், 40 பேர் கணக்கெடுப்புக்குப் பதில் அனுப்பினார்கள், அவர்களில் 36 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 36ஐ 40ஆல் வகுத்தால் 90 சதவீதம்தான். பதில் அனுப்பாத 60 பேர் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சராசரிச் சம்பளமும் அப்படித்தான். ஒன்பது பேர் 10 வாங்கி ஒருவர் 110 வாங்கினால் சராசரி 20. ஆனால் அந்தப் பத்துப் பேரில் 20 வாங்குபவர் ஒருவரும் இல்லை. சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். படித்த பாடத்தோடு தொடர்புள்ள வேலையா, எத்தனை மாதம் கழித்து எடுத்த கணக்கு என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் தரும் அலுவலகம் என்றால் அதுவே ஒரு நல்ல அறிகுறி.

எட்டாம் படி: அங்கே படிப்பவர்களிடம் பேசுங்கள்

பல்கலைக்கழகம் அறிமுகப்படுத்தும் மாணவத் தூதர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். துறை மன்றங்கள், பள்ளியில் உங்களுக்கு முன்பு படித்தவர்கள் வழியாக இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேரையாவது பிடியுங்கள். முடிந்தால் துறை மாறிப் போன ஒருவரையும். அவரிடம்தான் மற்றவர்கள் சொல்லாத விஷயங்கள் இருக்கும்.

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்? கடைசியாக ஒரு பேராசிரியரிடம் தனியாகப் பேசியது எப்போது? ஒரு பாடத்தில் பின்தங்கியபோது யாராவது கவனித்தார்களா? உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் வரவில்லை என்றால் என்ன ஆகும்? வார இறுதியில் வளாகம் காலியாகிவிடுமா? இன்னொரு முறை வாய்ப்பு வந்தால் இங்கே சேர்வீர்களா, ஏன்?

அமைதியான சுபாவம் உள்ளவர்கள் கடைசிக்கு முந்தையதைக் கட்டாயம் கேளுங்கள். எல்லோரும் வெள்ளிக்கிழமை மாலையே வீட்டுக்குக் கிளம்பிவிடும் வளாகத்தில், தூரத்திலிருந்து வந்த ஒருவருக்கு அந்த இரண்டு நாட்கள் மிக நீளமானவை.

நேரில் போக முடிந்தால், வரவேற்பு நாளில் போவதோடு ஒரு சாதாரண வேலைநாளிலும் போங்கள். அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் உட்காருங்கள். நூலகத்தில் இடம் கிடைக்கிறதா, அறிவிப்புப் பலகைகளில் என்ன ஒட்டியிருக்கிறது, இரவில் விடுதிக்கு நடக்கும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்பதாம் படி: பட்டியலைச் சுருக்குவது

முதல் காகிதத்தை எடுங்கள். "இல்லாமல் முடியாதவை" பகுதியில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. மீதமுள்ளவற்றுக்கு 100 புள்ளிகளை எடுத்து, பாடம், கற்பிக்கும் முறை, செலவு, இடம், வேலைவாய்ப்பு என்று உங்களுக்கு முக்கியமான அளவில் பங்கிடுங்கள். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பிடுங்கள்.

வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தால் பெற்றோரும் தனியாக அதே 100 புள்ளிகளைப் பங்கிடட்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் சண்டை எதைப் பற்றியது என்று தெளிவாகும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தவர்கள், உண்மையில் தூரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள் என்று அப்போது தெரியவரலாம்.

கூட்டிப் பார்த்து முதலில் வந்த பெயர் உங்கள் மனதைச் சோர்வாக்கினால், புள்ளிகளில் எங்கோ நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை. புள்ளிகளை மறுபடி பங்கிட்டுப் பாருங்கள்.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது என்பதை அந்தந்த அமைப்பின் விதிகள் தீர்மானிக்கும். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக ஐந்து தேர்வுகள் வரை போடலாம், மருத்துவம் என்றால் அதில் நான்கு வரைதான். பொதுவாக ஒரே வருடத்தில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் இளநிலைக்கு விண்ணப்பிக்க முடியாது. எல்லை இல்லாத இடங்களிலும், கிடைப்பது கடினம், கிடைக்கலாம், கட்டாயம் கிடைக்கும் என்று மூன்று வகையிலும் இருக்கும்படி பாருங்கள். மூன்றாம் வகையில் போடும் இடம், அது மட்டுமே கிடைத்தாலும் மனசார நீங்கள் போகக்கூடியதாக இருக்கட்டும்.

பத்தாம் படி: அனுமதிக் கடிதம் வந்த பிறகு

கடிதம் கையில் வந்த மகிழ்ச்சியில் உடனே பணம் கட்டிவிட வேண்டாம். பதில் சொல்லக் கடைசித் தேதி, கட்டும் தொகை திரும்பக் கிடைக்குமா, நிபந்தனை ஏதாவது உண்டா என்று பாருங்கள். உதவித்தொகையைப் பற்றிய முடிவு கடைசித் தேதிக்குப் பிறகுதான் வரும் என்றால் கால அவகாசம் கேட்டு எழுதுங்கள். கேட்பதில் தவறில்லை, பல இடங்களில் கொடுக்கவும் செய்வார்கள். சேர முடிவெடுத்ததும் மற்ற இடங்களுக்கு வரவில்லை என்று தெரிவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் போகக்கூடும்.

அந்த முதல் காகிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். சேர்ந்து முதல் செமஸ்டர் முடிந்ததும் அதை எடுத்து, "இல்லாமல் முடியாதவை" பகுதியை மறுபடி படியுங்கள். அதில் ஏதாவது உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால் உடனே துறை ஆலோசகரைப் பாருங்கள். துறை மாறவோ வேறு பல்கலைக்கழகத்துக்குக் கிரெடிட்டுகளை எடுத்துச் செல்லவோ கடைசித் தேதிகள் உண்டு, பல இடங்களில் அவை முதல் வருடத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.